பரவாயில்லை சார்

என் வீட்டுக்காரருக்கு நுரையீரலில் பூஞ்சை. இருபது வருடம் தானியக் கிடங்கில் மூட்டை தூக்கியவர், இப்போது சட்டையில் மூன்று பொத்தான் போட்டதும் நாலாவதற்குக் கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறார். வியாதி என்று தெரியும் முன்பு நான் அவரைத் திட்டாத திட்டில்லை. "பட்டப்பகல்ல இப்படிப் படுத்துக் கெடந்தா குடும்பம் வெளங்கிடும்!" என்று கத்தியிருக்கிறேன். என் வாயில் சூடுதான் வைக்க வேண்டும்.

கிடங்கு மேலாளர் நல்ல மனிதர். "மூட்டை வேண்டாம், எடை மேசையில உக்கார வைக்கிறேன். தூக்க முடியாதுன்னு டாக்டர் லெட்டர் மட்டும் கொண்டாங்க. வெள்ளிக்கிழமை தாண்டினா அந்த எடத்துக்கு வேற ஆளு" என்றார்.

வெள்ளிக்கிழமைதான் டாக்டரைப் பார்க்க முடிந்தது. லிஃப்ட் ஓடவில்லை. இரண்டு மாடி ஏறுவதற்குள் நாலு இடத்தில் உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கீங்க?" என்றார் டாக்டர்.

"பரவாயில்லை சார்."

காலை மிதித்தவனிடமும் இதையேதான் சொல்கிற மனுஷன்! டாக்டருக்கு அது தெரியுமா? "ரொம்ப நல்லது. எக்ஸ்ரேயும் தேவலை" என்று கம்ப்யூட்டரில் தட்டினார்.

"ஐயோ டாக்டர், இவரால சட்டை போடவே முடியல. சோறு மென்னாலே களைச்சுப் போறார்."

"அவர் சொல்லட்டும்மா. ஐயா, பழையபடி வேலைக்குப் போவீங்களா?"

சொல்லித் தொலையேன் என்று முழங்கையால் இடித்தேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு தலையை ஆட்டினார். ஆமாம் என்று!

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "வாயில என்ன கொழுக்கட்டையா? முடியலன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

பெஞ்சில் சரிந்தார். மூச்சு வாங்கியபடியே சொன்னார்.

"சொல்லத்தான் வந்தேன். முடியலன்னா ஏன், எப்பலேருந்துன்னு கேப்பாரு. அவ்வளவும் பேச... தெம்பு இல்லடி."

திரும்பவும் உள்ளே ஓடினேன். நர்ஸ் கதவிலேயே மறித்தாள். அடுத்த முறை மூன்று வாரம் கழித்தாம். கையில் டாக்டர் எழுதிய கடிதத்தைத் திணித்தாள். எல்லா வேலைக்கும் தகுதியானவர் என்று முத்திரையோடு இருந்தது.

வந்து பார்த்தால் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். யாரைத் திட்டுவேன்? இதைக் கொடுத்தால் திங்கட்கிழமை அவர் தோளில் மூட்டையை ஏற்றுவார்கள். கிழித்துப் போட்டால், வியாதியில் கிடந்தவரை டாக்டர் கடிதம் இல்லாமல் கிடங்குக்குள்ளேயே விட மாட்டார்கள்.