தவிட்டுக்கு விற்ற பிள்ளை

அந்த அறுபத்தோராம் ஆண்டு மாரியில், வவுனியா ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்தபோது கமலாசனிக்கு அழக்கூடத் தெம்பில்லை. செட்டிகுளத்திலிருந்து பஸ்ஸில் வந்த களைப்பு மட்டுமல்ல. மூத்தவனும் இரண்டாமவனும் பல் முளைத்த பிறகு இப்படித்தான், காதில் சீழ், நெஞ்சில் சளி, காய்ச்சல் என்று மாறி மாறிக் கிடந்து போய்ச் சேர்ந்தார்கள். இப்போது கடைசியானுக்கும் அதே கூத்து.

இவன் பிறந்த அன்றே பக்கத்துக் காணி இராசமலரிடம் ஒரு சுளகு தவிட்டுக்கு விற்றாகிவிட்டது. இராசமலரின் பிள்ளைகள் கல்லுக்குண்டுகள். அவள் பிள்ளை என்றால் யமன் தொடமாட்டானாம். பெற்றவள் மட்டும் வாய் திறந்து "என்ரை பிள்ளை" என்று சொல்லக்கூடாது. கமலாசனி சொன்னதேயில்லை. பால் கொடுத்தது அவள், பீத்துணி கழுவியது அவள், தாய் என்ற பெயர் இராசமலருக்கு. யமனை ஏமாற்றுவதென்றால் சும்மாவா!

"தாய் ஆர்?" என்று டொக்டர் கேட்டார்.

"நான்தான் ஐயா," என்றாள் கூட வந்து பிள்ளையை மடியில் வைத்திருந்த இராசமலர், பழக்கத்தில்.

டொக்டர் பிள்ளையின் வாயைத் திறந்து டோர்ச் அடித்து நெடுநேரம் பார்த்தார். "தொண்டையிலை இருக்கவேண்டிய சதையைக் காணேல்லை. உங்களுக்கு வேறை ஆம்பிளைப் பிள்ளையள்?"

"மூண்டு பேர் ஐயா. தடிமன் எண்டுகூடப் படுத்ததில்லை."

"உங்கடை அண்ணன் தம்பிமார்?"

"ஒரு குறையுமில்லை."

டொக்டர் கதிரையில் சாய்ந்தார். "அப்ப நான் நினைச்சது இல்லை. தாய் வழியிலை ஆம்பிளைப் பிள்ளையளுக்கு வாற வருத்தம் ஒண்டு இருக்கு. அதெண்டால் கொழும்புக்கு அனுப்பி வேறை ஊசி போடோணும். இவனுக்கு வழக்கமான மருந்தைத் தாறன்."

முந்திய இருவருக்கும் கொடுத்ததும் அந்த வழக்கமான மருந்துதான். கமலாசனியின் அம்மாவுடைய தம்பிமாரும் நடை பழகும் வயதில் போனவர்கள். வாய் திறந்தால் விற்ற விற்பனை முறிந்துபோகும், யமன் வாசலுக்கு வந்துவிடுவான். அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வராமல் இப்போது எங்கே நிற்கிறானாம்?

இராசமலர் அவள் கையை அமத்தினாள். "கதையாதை பிள்ளை."

"நான்தான் ஐயா தாய்," என்றாள் கமலாசனி. "முந்தி ரெண்டு பேர் இப்பிடித்தான் போனவங்கள். அம்மாவின்ரை தம்பிமாரும் சின்னனிலையே செத்துப்போட்டினம்."

டொக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏசவில்லை. கொழும்புக்குத் துண்டு எழுதத் தொடங்கினார்.

"ஊசி கிடைச்சால் பிள்ளையைக் காப்பாற்றப் பார்க்கலாம். உங்கடை பிழை இல்லை, அம்மா. ஆனால் இது உங்களிட்டை இருந்துதான் வந்தது."

கமலாசனி இராசமலரின் மடியிலிருந்து பிள்ளையை வாங்கினாள். உடம்பு கொதித்தது.

"ஓம் ஐயா," என்றாள். "என்னட்டை இருந்துதான் வந்தவன்."