கறுத்துப்போன வெல்டிங்

யசோதரா அலுமினியத்தில் போடும் வெல்டிங் வெள்ளிக் கொலுசுபோல வரிவரியாக மின்னும். அன்று காலை மட்டும் அது கரியாய்க் கறுத்து, பொத்தல் பொத்தலாக வந்தது.

தண்டையார்பேட்டையில் அத்தாவுல்லா பாயின் பட்டறை வாசலில் பெட்ரோல் டேங்கர் நின்றது. டேங்கின் பக்கவாட்டில், உள்ளே இரண்டு அறைகள் சேரும் இடத்தில், ஒரு கீறல். அதை அடைக்கத்தான் அவள் போராடிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, இன்னுமா முடியல? மத்தியானம் எனக்கு லோடு கீது" என்றான் டிரைவர் ரோஷன்.

"புடிக்க மாட்டேங்குதுண்ணா. கொப்பளிச்சுக்கினே கீது."

முதலில் கேஸைச் சந்தேகப்பட்டுப் புது ஆர்கான் சிலிண்டர் மாட்டினாள். வெல்டிங் டார்ச் நுனியிலுள்ள டங்ஸ்டன் ஊசியைத் தீட்டினாள். கீறலைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அசிட்டோன் துணியால் துடைத்தாள். மறுபடியும் கரிதான். கடைசியில் ஒரு துண்டு அலுமினியத்தை மேசையில் வைத்துப் போட்டுப் பார்த்தாள். பளிச்சென்று வந்தது. மிஷினிலோ கேஸிலோ கையிலோ குறையில்லை என்றால், குறை டேங்கில்தான்.

"டேங்க கழுவினியா?"

"ஆவி வெச்சே கழுவியாச்சு. வேணும்னா ஏறிப் பாரு."

ஏறிப் பார்த்தாள். எல்லா அறைகளும் காய்ந்து கிடந்தன. ஆனாலும் மனம் ஆறவில்லை. எந்நேரமும் லாரிகள் நிற்கிற தெரு; எண்ணெய் வாடையில் மூக்கு மரத்துப் போயிருந்தது. சோப்புத் தண்ணீரைக் கலக்கிக் கீறல்மேல் தடவினாள். உள்ளே யாரும் காற்றடிக்கவில்லை. இருந்தும் ஒரு குமிழ் மெல்ல உப்பி உடைந்தது. பின்னாலேயே இன்னொன்று உப்பியது.

யசோதரா ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தாள்.

"பாய், ரெண்டு அறைக்கும் நடுவுல இன்னா கீது?"

"ரெட்டைச் சுவரு. நடுவுல சும்மா காலி எடம்..." சொல்லிக்கொண்டே வந்த பாய் சட்டென்று நிறுத்தினார். குனிந்து, அடியில் பெயின்ட் மூடிக் கிடந்த திருகைக் கண்டுபிடித்தார். பொறி பறக்காமலிருக்க ஈரத்துணி சுற்றிய ஸ்பானரால் கொஞ்சமே தளர்த்தினார். நூல்போலப் பெட்ரோல் வடிந்தது. உட்சுவர் எங்கோ விட்டுப்போய், யாரும் கழுவாத அந்த இடைவெளியில் கசிந்து தேங்கியிருக்கிறது; அதன் ஆவிதான் கீறல் வழியாக வந்து வெல்டிங்கைக் கறுக்க வைத்திருக்கிறது. அந்தப் பெட்ரோல் பக்கத்தில்தான் அவள் காலையிலிருந்து நெருப்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

பாய் திருகை இறுக்கினார். அதற்குள் ரோஷன் கேபினுக்குத் தாவியிருந்தான். "நான் வண்டிய வெளிய எட்த்துடறேன்!"

யசோதரா படியில் பாய்ந்து ஏறி, சாவிமேல் இருந்த அவன் மணிக்கட்டைப் பற்றினாள். "திருப்பாத! ஒரு பொறி பட்டா தெருவே இருக்காது!"

ரோஷன் அவள் முகத்தைப் பார்த்தான். விரல்கள் தாமாகவே சாவியை விட்டன.

"அடுப்ப அணைங்க! எல்லாரும் வெளிய போங்க!" பாய் கத்திக்கொண்டே தெருவில் ஓடினார். எதிர் டீக்கடையில் அடுப்பு நீலமாய் எரிந்துகொண்டிருந்தது. மாஸ்டர் அதை அணைக்கும்வரை யசோதரா ரோஷனின் மணிக்கட்டை விடவில்லை.

தீயணைப்பு வண்டி வந்து, நுரை அடித்து, பெட்ரோலை வடிக்கப் பொழுது சாய்ந்தது. "உள்ள பூரா ஆவிதாம்மா. எரியறதுக்குக் காத்து இல்ல. கொஞ்சம் காத்து பூந்திருந்தா..." என்ற தீயணைப்பு அதிகாரி தெருவைத் திரும்பிப் பார்த்தார்.

புளியந்தோப்பில் வீட்டுக்கு வந்தவள் டீ போட அடுப்பருகே போனாள். லைட்டரை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"இன்னா யசோ, உடம்பு சரியில்லியா?" என்றான் கணவன் வெற்றி.

"நீயே பத்த வெச்சிடு."

லைட்டரை அவன் கையில் கொடுத்துவிட்டு வராந்தாவுக்குப் போனாள். உள்ளே 'டிக்'கென்றது. அவள் கைப்பிடிச் சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.