நடுவில் ஒரு ‘வ’

நல்ல சிறுகதை ஒன்று படிக்கலாமென்று போனைத் திறந்தால் என்ன கிடைக்கிறது? ‘கட்டாயம் படிக்க வேண்டிய பத்துக் கதைகள்’ என்று எவனாவது போட்டிருப்பான். தொட்டால் முடி கொட்டாமலிருக்க எண்ணெய் விளம்பரம் வந்து நிற்கும். கடையில் போய்க் கேட்டால் ராசிபலன் புத்தகத்தை எடுத்து நீட்டுவார்கள். இந்த லட்சணத்தில்தான் என் அக்கா பஸீலா எழுதிய முதல் கதை ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. நல்ல கதை. கூடப் பிறந்தவள் என்பதற்காகச் சொல்லவில்லை.

முதல் வரி இது: ‘அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் ஆணம் இல்லை.’ ஆணம் என்றால் எங்கள் வீடுகளில் சோற்றில் ஊற்றிக்கொள்வது. மீன் ஆணம், பருப்பு ஆணம். அம்மா மௌத்தாகிக் கண்ணை மூடியதிலிருந்து எங்களைப் பெற்ற அத்தா மோரும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டு எழுந்துவிடுவார். பஸீலா ஆணம் காய்ச்சினால் தட்டைத் தள்ளிவிடுவார். அதைத்தான் எழுதியிருந்தாள்.

யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் கதையை இணையத்தில் போட்டார். அங்கே முதல் வரி இப்படி இருந்தது: ‘அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் ஆணவம் இல்லை.’

கதை முழுக்க அதே கூத்து. ‘அம்மாவின் ஆணவம் தெருவுக்கே மணக்கும்.’ கீழே பாராட்டு வேறு. ‘பெற்ற தாயைப் பற்றி என்ன துணிச்சலான வரி!’ அட பாவிகளா!

துபாயிலிருந்து அண்ணன் நசுருதீன் அதை அத்தாவுக்கு அனுப்பித் தொலைத்தான். அத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “மௌத்தானவளப் போயி ஆணவக்காரின்னு ஊருக்கே எழுதியிருக்கா” என்றார். அன்றோடு பஸீலாவிடம் பேச்சு நின்றது. அவள் வைத்த தண்ணீரைக்கூடத் தொடவில்லை. அவள் கைப்பிரதியைக் கொண்டுபோய்க் காட்டினாள். “இப்ப மாத்தி எழுதிட்டு வந்து காட்டுறியா?” என்றார். “இனிமே பேனாவத் தொட மாட்டேன் ரிஃபானா” என்று என்னிடம் அழுதாள்.

அச்சில் வந்ததைக் காட்டினால்தான் அந்த மனுஷர் நம்புவார். வீட்டுக்கு வந்த ஒரே இதழை இரவல் வாங்கிப் போனவள் தொலைத்துவிட்டாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து புத்தூர் வரை கடை கடையாக ஏறி இறங்கினேன். “அதெல்லாம் ரிட்டர்ன் போயிருச்சுங்க” என்ற பதில்தான் கிடைத்தது. கடைசியில் அந்த இணையப் பக்கத்திலேயே இருந்த நம்பருக்கு அடித்தேன். எடுத்த பெண்ணின் பெயர் இளவேனில். “எங்கிட்ட புக் இருக்குங்க, ஸ்ரீரங்கம் வாங்க” என்றாள்.

சித்திரை வீதியில் வீடு. காபி கொடுத்தாள். அலமாரி நிறையக் கதைப் புத்தகங்கள்.

“நல்ல கதை எங்கயும் கிடைக்கிறதில்லங்க. அதான் நானே ஒவ்வொண்ணா டைப் பண்ணிப் போடுறேன்” என்று சொல்லி இதழை நீட்டினாள்.

திறந்தேன். அச்சில் ‘ஆணம்’ என்றுதான் இருந்தது. ஆனால் ஒவ்வோர் இடத்திலும், கடைசி எழுத்துக்கு முன்னால், சிவப்புப் பேனாவால் ஒரு ‘வ’ சொருகியிருந்தது.

“இத யாருங்க எழுதுனது?”

“நான்தான். பிரஸ்ல எழுத்த விட்டுட்டாங்க. இவ்வளவு நல்ல கதையில இப்படி மிஸ்டேக்கான்னு திருத்திட்டேன்.”

“‘பருப்பு ஆணவம்’னு திருத்தும்போது கூடவா சந்தேகம் வரல?”

“அது ஏதோ கவித்துவம்னு நினைச்சேங்க.”

காபியைக் கீழே வைத்தேன். “கவித்துவமா? எங்க வீட்டுச் சொல்லு உங்களுக்குத் தெரியலன்னா அது தப்பாயிருமா? எழுதுனவள ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா? உங்க ஒரு எழுத்தால எங்கத்தா பெத்த பொண்ணோட பேசுறதில்ல!”

“ஐயோ, சாரிங்க. ஆணம்னா என்னங்க?”

சொன்னேன். “இன்னைக்கே மாத்திடுறேங்க” என்று இதழையும் கொடுத்து அனுப்பினாள்.

வீட்டில் அத்தா இதழை ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு, சிவப்பு எழுத்தை விரலால் மறைத்து மறைத்துப் படித்தார். முடித்ததும், “பஸீலா, தண்ணி கொண்டாம்மா” என்றார். அக்கா ஓடி வந்தாள். குடித்துவிட்டுச் சொன்னார்: “தெருவுக்கே மணக்கும்னு சரியாத்தான் எழுதியிருக்கே.” அவர் கண் கலங்கியிருந்தது.

எனக்கு உயிர் வந்தது. “அங்கயும் மாத்தியிருப்பாங்க அத்தா, பாருங்க” என்று போனைத் திறந்து கொடுத்தேன்.

மாற்றித்தான் இருந்தாள். ‘அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் குழம்பு இல்லை.’

அத்தா எழுந்து நின்றுவிட்டார். “குழம்பா? உங்கம்மா இந்த வீட்ல ஒரு நாளும் குழம்பு வெச்சதில்ல. ரிஃபானா, என் சட்டைய எடு. அந்தப் பொண்ணு வீட்டக் காட்டு.”

செருப்பை மாட்டிக்கொண்டே உள்ளே பார்த்துக் கத்தினார்: “பஸீலா, நாங்க போயிட்டு வர்றதுக்குள்ள ஆணம் காச்சி வை!”