பதினோராம் எலி மூஞ்சி கழுவியது

எவரால்டோவுக்குப் பதினான்கு வயதிலிருந்து வலிப்பு. பிரேசிலில், ஃபோர்த்தலேசா நகரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்து எலிக்கூண்டுகளைப் பத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொள்கிறார். வலிப்பு வரும்போது தனக்கு என்ன ஆகிறது என்பதை அவர் பார்த்ததே இல்லை. கண்விழித்தால் சுற்றி நிற்கிற முகங்கள், அவ்வளவுதான் தெரியும்.

ஜூன் மாதம், சாவோ ஜோவாவோ திருவிழாவன்று காலை, ஆராய்ச்சி மாணவி கில்வானியா அவரிடம் துணி காயப்போடுகிற கிளிப் ஒன்றை நீட்டினாள். அவள் மூக்கிலும் ஒன்று இருந்தது.

“மாட்டிக்கங்கண்ணே. ரெண்டு பாட்டில்ல ஒண்ணுலதான், வலிப்பத் தடுக்குமான்னு நாம பாக்குற சித்ரேரா இலை எண்ணெய் இருக்கு. எதுலன்னு புரொஃபசருக்குத்தான் தெரியும். நாம மோந்து கண்டுபிடிச்சிட்டா, நம்ம கண்ணே நமக்குப் பொய் சொல்லும்.”

“உன் குரலக் கேட்டா வாத்து பேசுற மாதிரி இருக்கு.”

“உங்களதும் அப்படித்தான் இருக்கப்போவுது.”

முதல் பத்து எலிகளுக்கு முதல் பாட்டில். அரைமணி கழித்து, வலிப்பை வரவழைக்கிற மருந்து. கில்வானியா ஊசி போட, எவரால்டோ நேரம் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. முதல் எலி சரிந்து, கால்கள் விறைத்து, வெட்டி வெட்டி இழுத்தது. அவர் கடிகாரத்தை மறந்து அதையே பார்த்தார்.

“இப்படித்தானா நானும்?”

“கிட்டத்தட்ட. ஆனா மீசை அதுக்குத்தான் அழகு.”

அவர் சிரித்த சிரிப்பில் கிளிப் தெறித்து ஓடியது. இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டே அதைத் தேடி மேஜைக்கடியில் தவழ்ந்தார். பத்தும் விழுந்தன.

பதினோராவது எலியிலிருந்து அடுத்த பத்துக்கு இரண்டாம் பாட்டில். பதினோராவதுக்கு ஊசி போட்டு ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு, ஐந்து என்று போயிற்று.

“என்னண்ணே பண்ணுது?”

“மூஞ்சி கழுவுது.”

“நல்லாப் பாருங்க.”

“காதுக்குப் பின்னாடியும் கழுவுது, புள்ள. திருவிழாவுக்குக் கெளம்புது போல.”

இந்தப் பத்தில் ஏழு விழவேயில்லை. மூன்று விழுந்தன, அதுவும் வெகுநேரம் கழித்து. புரொஃபசர் சொக்கோரோ அம்மாள் வந்து, எந்தப் பாட்டிலில் எது என்று எழுதி ஒட்டியிருந்த உறையைப் பிரித்தார். இரண்டாம் பாட்டில்தான் எண்ணெய். கில்வானியா புரொஃபசரைக் கட்டிப்பிடித்தாள், எவரால்டோவைக் கட்டிப்பிடித்தாள், கூண்டையும் விடவில்லை. அந்தக் கண்டிப்பான அம்மாள் உறையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு இரண்டு சுற்று சுற்றினார்.

“எனக்கு ரெண்டு சொட்டு குடேன்” என்றார் எவரால்டோ.

“முடியாதுண்ணே. இது பத்தே பத்து எலி. மனுஷனுக்கு வர எத்தன வருஷமோ, வராமலே போனாலும் போவும். சில இலை எண்ணெய் வலிப்ப இழுத்துட்டு வர்றதும் உண்டு. மாத்திரை போட்டீங்களா?”

“காலையிலயே போட்டாச்சு.”

“அத விட்டுடாதீங்க.”

அவருக்கு வருத்தம் வரவில்லை. கால்தான் தரையில் நிற்க மாட்டேனென்றது.

பதினொரு வருஷம் முன்பு, திருவிழா ஆட்டத்தில் வேடிக்கைக் கல்யாணத்து மாப்பிள்ளையாக நின்றபோது எல்லோர் முன்னாலும் விழுந்தவர் அவர். அதிலிருந்து சோளக்கடைக்குப் பின்னால் நின்று பார்ப்பதோடு சரி. அன்று சாயங்காலம், வைக்கோல் தொப்பியோடு நேரே லிண்டால்வாவிடம் போய் நின்றார். அவர் விழுந்த அன்று வேடிக்கை மணப்பெண்ணாக நின்றவள் அவள்தான்.

“ஆட வர்றியா?”

“மறுபடி விழுந்தா?”

“ஒருக்களிச்சுப் படுக்க வை. வாயில எதையும் திணிக்காத. அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸக் கூப்புடு.”

“அவ்வளவுதானா? அன்னிக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? பதினொரு வருஷம் யார் யாரோடயோ ஆடிட்டிருந்தேன்.”

அக்கார்டியன் இசை எழும்பியது. ஆட்டத்தை நடத்துகிறவன் கத்தினான்: “பாம்பு வருது!” வரிசை மொத்தமும் திரும்பி ஓடியது. “பொய்!” என்றதும் திரும்பி வந்தது. எவரால்டோவுக்கு மட்டும் பொய் எது, பாம்பு எது என்று பிடிபடவில்லை. எதிர்ப்பக்கம் ஓடி, இந்த வருஷத்து மணப்பெண்ணின் அப்பா வயிற்றில் முட்டி, மன்னிப்புக் கேட்டு, மறுபடி முட்டினார். லிண்டால்வா சிரித்துச் சிரித்து மூச்சு வாங்க, அவர் கையை இறுகப் பிடித்து வரிசைக்குள் இழுத்துக்கொண்டாள்.