ஐந்து விநாடி சும்மா இரு

வருஷத்துக்கு இரண்டு கல்யாணத்தில் பார்த்துச் சிரித்துக்கொண்டால் போதும் என்று நான் வைத்திருந்த சகலை, என் அலுவலகத்திலேயே வேலைக்குச் சேர்ந்து எதிர் மேசையில் உட்கார்ந்துவிட்டார்.

மருத்துவரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் மென்பொருளைத் தானாகச் சோதிக்கும் நிரல்களை எழுதுவது எங்கள் பிழைப்பு. என் சோதனை ஒன்று பொத்தானை அழுத்தும். ‘பதிவாகிவிட்டது’ என்று திரையில் வந்திருக்கிறதா என்று பார்க்கும். பதில் அனுப்பும் சர்வர் கணினி முந்தினால் பச்சை, தேர்ச்சி; சோதனை முந்தினால் சிவப்பு, தோல்வி. நான் கண்ட மருந்து, நடுவில் ‘ஐந்து விநாடி சும்மா இரு’ என்று ஒரு வரி. அப்படியும் சிவந்தால் மறுபடி ஓட்டுவேன். இதற்கு அனுபவம் என்று பெயர் வைத்திருந்தேன்.

குழுத்தலைவர் நாற்காலி காலியாகிற வாரமாகப் பார்த்து, சகலை அந்த வரியைத் தூக்கினார்.

“எதுக்கு சகலை கண்ணை மூடிட்டு எண்ணணும்? செய்தி வர்ற வரைக்கும் பாத்துட்டே இருக்கட்டும், வந்ததும் கிளம்பட்டும்.”

மேலாளர் பூரித்துப்போனார். வீட்டுக்குப் போனால் மனைவி, “அவர் ஏதோ பெருசா சரி பண்ணிட்டாராமே, தங்கச்சி சொன்னா. இத்தனை வருஷமா உங்க கண்ணுல படலையா?” என்றாள்.

மறுநாள் காலை யாரும் வருமுன் எல்லாச் சோதனைகளையும் ஒரே நேரத்தில் நூறு தடவை ஓட்டிவிட்டேன். ஒரு தடவையாவது அந்த மனிதர் சறுக்கமாட்டாரா? சர்வருக்கு மூச்சு வாங்கியது. வந்தது ஒரு சிவப்பு! எது சிவந்தது என்றுகூடப் பார்க்காமல் ஓடி, அப்போதுதான் உள்ளே நுழைந்த மேலாளரை இழுத்து வந்தேன்.

“நான் அப்பவே நெனச்சேன் சார். எல்லாம் அவசரக்குடுக்கை வேலை.”

மேலாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். “அவரோடது நூறும் பச்சைங்க. செவந்தது, பதிவை ரத்து பண்ற சோதனை. அதுல இன்னும் உங்க அஞ்சு விநாடி இருக்கு. சர்வர் ஏழு எடுத்துக்கிச்சு.”

பின்னால் சகலை நின்றிருந்தார். கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்காக விடியக்காலைல வந்து நூறு தடவை ஓட்டியிருக்கீங்களே சகலை!” என்று நெகிழ்ந்தார்.

மதியமே நாற்காலி அவருக்குப் போனது. எனக்கு அவர் தந்த முதல் வேலை, நான் எழுதிவைத்த முப்பத்தெட்டு ‘ஐந்து விநாடி’களையும் பிடுங்கி எறிவது.

மாலையில் மனைவியிடம் எப்படிச் சொல்வதென்று வாசலில் செருப்பைக் கழற்றும் சாக்கில் சற்று நின்றேன். உள்ளே அவள் தங்கையோடு போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். செய்தி என்னை முந்திவிட்டது.