நடு இரண்டு புள்ளி

என் புருஷன் முப்பது வருஷமாகத் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறவர். குழாய் வேலை. ஊரில் பாதி வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டிருக்கிறார். ஆனால் இடுப்பளவுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதே கிடையாது. நாற்பத்தைந்து வயதில் நான் நீச்சல் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றபோது, "தண்ணிய நம்பாதே" என்றார். தண்ணீரைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. எங்கே ஓட்டை கிடைக்கும் என்று காத்திருக்கிற திருடனைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவார்.

நான் கற்றுக்கொண்டேன். அதோடு நின்றேனா? கரையிலிருந்து எதிரே தெரிகிற தீவு வரைக்கும் நீந்துகிற கூட்டத்தில் பேர் கொடுத்தேன். ஐந்து கிலோமீட்டர், வருஷத்தில் ஒரு நாள். இரண்டு வருஷம் போனேன், இரண்டு வருஷமும் பாதியில் படகேறித் திரும்பினேன். கை ஓய்ந்துபோய் அல்ல. சரியாகப் பாதி தூரத்தில், கீழே தரை மறைந்து தண்ணீர் கறுத்துப்போகிற இடத்தில், என் தலைக்குள் ஒருத்தி பேச ஆரம்பித்துவிடுவாள். "உனக்கு எதுக்கு இந்த வேலை? கீழ என்ன கிடக்குன்னு தெரியுமா உனக்கு?" அவ்வளவுதான், மூச்சு தாறுமாறாகிவிடும். கையைத் தூக்கிப் படகைக் கூப்பிடுவேன். நீச்சல் மாஸ்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். "பரவாயில்லக்கா" என்பார். அந்தப் பரவாயில்லையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் அவள் வாயை அடைக்க வழி சொன்னது எங்கள் மகள்தான். வெளியூரில் படிக்கிறாள். நீந்தும்போதே பாட்டுக் கேட்கிற பிளேயர் இருக்கிறதாம், நீச்சல் கண்ணாடியின் வாரில் மாட்டிக்கொண்டால் போதுமாம், கன்னத்து எலும்பு வழியாகவே பாட்டுக் கேட்குமாம். அதை வாங்கி வந்தது யார் என்கிறீர்கள்? தண்ணீரை நம்பாதவர்தான். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாட்டர்ப்ரூஃப்னு எழுதியிருக்கான். இப்படி எழுதி ஒட்டின எத்தனை தொட்டிய நான் பாத்திருக்கேன்" என்று முணுமுணுத்தபடி கொடுத்தார்.

மகள் லீவுக்கு வந்தபோது தன் பாட்டுகளை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். அத்தனையும் குதிக்கிற பாட்டு. அந்த வேகத்துக்குக் கையை வீசினால் இருபது நிமிஷத்தில் நாக்குத் தள்ளிவிடும். மெதுவான பாட்டுகளாக மாற்றிக்கொள்ளச் சொல்லி மாஸ்டர் மூன்று வாரமாகப் படித்துப் படித்துச் சொன்னார். நான் உட்கார்ந்தது சனிக்கிழமை மதியம். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடலில் இறங்க வேண்டும்.

அந்தப் பிளேயரில் ஒயர் சொருகத் துளை கிடையாது. முதுகில் வரிசையாக நான்கு பித்தளைப் புள்ளிகள். துணி கிளிப் மாதிரி ஒன்று அதைக் கவ்விக்கொள்ளும், மறுமுனை கம்ப்யூட்டரில் போகும். மாட்டினேன். பிளேயரில் சிவப்பு விளக்கு எரிந்தது, சார்ஜ் ஏறுகிறது. கம்ப்யூட்டர் மட்டும் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தது. டிங் இல்லை, ஒரு பெட்டி திறக்கவில்லை. இப்படி ஒரு பொருள் தன் வயிற்றில் மாட்டியிருக்கிறது என்பதே அதற்குத் தெரியவில்லை.

இந்தப் பக்கத்துத் துளையிலிருந்து அந்தப் பக்கத்துத் துளைக்கு மாற்றினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அது இதுதான் சமயம் என்று தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்து முக்கால் மணி நேரம் தின்றது. நான் பார்சல் கம்பெனி கவுண்டரில் வேலை பார்க்கிறவள். விலாசம் சரியாக எழுதாதவர்களை ஒரு பார்வையில் திருத்திவிடுவேன். அந்தப் பார்வை கம்ப்யூட்டரிடம் பலிக்கவில்லை.

என் புருஷன் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். "லேசா ஒரு தட்டு தட்டிப் பாரேன்."

"இது என்ன குழாயா?"

"லைட் எரியுதே. அப்ப ஒயர்ல கோளாறு இல்ல" என்றார். சொல்லிவிட்டுப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மகளுக்குப் போன் போட்டேன். "பவர் பட்டன பத்து செகண்ட் அமுக்கிப் பிடிம்மா, அது முழிச்சுக்கும்" என்றாள். ஒரு பட்டனை அமுக்கினேன், முழிக்கவில்லை. பொறுமை என்பது எனக்கு எப்போதும் கொஞ்சம் கம்மி. இருந்த இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினேன். பிளேயர் மூன்று தடவை கீச்சிட்டது. காதில் வைத்துப் பார்த்தேன். சத்தமே இல்லை.

"அம்மா... ரெண்டையுமா அமுக்கின?"

"ஆமா."

"உள்ள இருந்த பாட்டெல்லாம் அழிஞ்சு போச்சும்மா."

குதிக்கிற பாட்டாவது இருந்தது, இப்போது அதுவும் இல்லை. நாளைக்கு அந்தக் கறுத்த தண்ணீருக்கு மேலே நானும், என் தலைக்குள் இருக்கிறவளும் மட்டும்தான். மூன்றாவது தடவையாக ஒரு பரவாயில்லையைக் கேட்கப் போகிறேன். நாற்பத்தெட்டு வயதில் பாட்டு மெஷினுக்காக அழுவதா என்று எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

"இரு, இரு. வீடியோல வா. பின்னாடி இருக்கிற நாலு புள்ளியக் காட்டு" என்றாள் மகள்.

காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பச் சொன்னாள். திருப்பினேன்.

"என்னம்மா அது? ஓரத்துல ரெண்டும் மஞ்சளா இருக்கு. நடுவுல ரெண்டு மட்டும் ஏன் ஈரமா மினுங்குது?"

விரலால் தொட்டேன். ஈரம் இல்லை, வழுவழுவென்று ஒரு தோல். நகத்தால் அழுத்தினால் அமுங்கி எழும்பியது. எங்கள் குளியலறை ஓரம் முழுக்க, சமையலறை மேடை முழுக்க, ஜன்னல் சட்டம் முழுக்க, தண்ணீர் கசியாமல் இருக்க அவர் டியூபிலிருந்து பிதுக்கி வைத்த அதே தோல்தான். திரும்பிப் பார்த்தேன். என் புருஷன் டீ கிளாஸின் அடியைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க."

"ம்."

"இதுல சிலிகான் வச்சீங்களா?"

"ஒரு சொட்டுதான்."

போனுக்குள் மகள் தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

அவர் செய்த காரியத்தை அவரே விளக்கினார். நான்கு புள்ளியைச் சுற்றியும் தண்ணீர் உள்ளே போக வழி இருக்கிறது என்று அவருக்குப் பட்டிருக்கிறது. போன வாரம் நான் வேலைக்குப் போனதும் நான்கையும் அடைத்திருக்கிறார். சார்ஜ் ஏறவில்லை. சரி என்று ஓரத்து இரண்டையும் சுரண்டிவிட்டிருக்கிறார், விளக்கு எரிந்துவிட்டது. "நடு ரெண்டும் சும்மா இருக்குன்னு நெனச்சேன். தண்ணி ஓடாத லைன்ல நாங்க மூடி போட்டு அடைச்சிடுவோம். அது வழக்கம்தான்."

"அப்பா, அந்த ரெண்டு வழியாத்தான் பாட்டே போகும். ஓரத்துல கரண்ட், நடுவுல பாட்டு" என்றாள் மகள்.

"யாரு கண்டா? எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டு ஊசியை எடுத்தேன். அவர், "மெதுவா, மெதுவா, குடு நான் எடுக்கறேன்" என்று கையை நீட்டிக்கொண்டே இருந்தார். கொடுக்கவில்லை. குத்தி, நெம்பி, உரித்துப் போட்டேன். நடு இரண்டும் பளிச்சென்று வெளியே வந்தன. கிளிப்பை மாட்டினேன். டிங். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் கையைத் தட்டினேன், கோபத்தை ஒரு நிமிஷம் மறந்து அவர் தோளிலும் தட்டினேன். மாஸ்டர் சொன்ன மாதிரி, ஆற அமரப் போகிற பாட்டாகப் பதினாலு ஏற்றினேன்.

அவர் பிளேயரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "கம்பெனிக்காரன் வச்ச பூச்சும் சேந்து உரிஞ்சிருக்கு பாரு. பாட்டுத்தான் ஏத்தியாச்சே. மேல ஒரு சொட்டு வச்சிடறேன். காலைக்குள்ள காஞ்சிடும்."

"இன்னொரு தடவ அந்த டியூப எடுத்தீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும்."

"தண்ணி உள்ள போயிடும்மா."

"வாட்டர்ப்ரூஃப்."

அவர் பிளேயரை மேஜையில் வைத்தார். பிறகு, "அப்ப நாளைக்கு நானும் படகுல வர்றேன்" என்றார்.

இரண்டு வருஷமும் கரையில்தான் நின்றார். கரையிலேயே நிற்பார், உட்கார மாட்டார். குளத்துப் படகில் ஏறினாலே குடல் புரளுகிற மனுஷன்.

"வாந்தி எடுப்பீங்க."

"எடுத்துக்கறேன்."

அடைக்க விடாவிட்டால் கூடவே வருகிறேன் என்கிற ஆளை என்ன செய்ய? சரி என்று சொன்னேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைக் காட்டிக்கொண்டால் மறுபடி டியூபை எடுத்துவிடுவாரோ என்று முகத்தை உர்ரென்றே வைத்துக்கொண்டேன்.

காலையில் படகில் ஏறியதும் அவர் செய்த முதல் வேலை, அடித்தட்டின் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது. படகுக்காரர் முகம் சுருங்கிப்போனது. மாஸ்டர் சிரித்தார். நான் தண்ணீரில் இறங்கினேன்.

முதல் ஒரு மணி நேரம் சொர்க்கம். பாட்டு எலும்பு வழியாகத் தலைக்குள் நிறைந்திருந்தது. அவள் பேச இடமே இல்லை. தரை மறைந்தது, தண்ணீர் கறுத்தது, நான் போய்க்கொண்டே இருந்தேன். பன்னிரண்டாவது பாட்டின் நடுவில் கரகரவென்றது. எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

நின்றேன். காலை உதைத்துக்கொண்டே பிளேயரைக் கழற்றிப் பார்த்தேன். நடு இரண்டு புள்ளிக்கும் இடையிலிருந்து ஒரு சின்னக் குமிழ் வெளியே வந்தது, பின்னாலேயே இன்னொன்று. தலைக்குள் அவள் தொண்டையைச் செருமினாள். எனக்கு மூச்சு முட்டியது. நான் கையைத் தூக்கினேன்.

படகு பக்கத்தில் வந்தது. என் புருஷன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். முகம் வெளிறி, உதடு காய்ந்து, எத்தனை தடவை வாந்தி எடுத்திருந்தாரோ தெரியவில்லை. நான் பிளேயரை அவரிடம் நீட்டினேன். வாங்கினார், பார்த்தார். அந்த மனுஷனுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் அந்தத் தண்ணீரை விட்டு வெளியே வர வேண்டும். முதல் நாளிலிருந்தே அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். இதோ கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், "ஏறு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பிளேயரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கை வலிக்குதா?"

"இல்ல."

"கால்?"

"இல்ல. பயமா இருக்குங்க."

"எனக்குந்தான்" என்றார். "போம்மா. நான் பேசிட்டு வர்றேன். மூச்சு எடுக்க எந்தப் பக்கம் திரும்புவ?"

"இடது."

"படக இடது பக்கமா விடுங்க" என்றார் படகுக்காரரிடம்.

நான் முகத்தைத் தண்ணீருக்குள் விட்டேன். அவர் ஆரம்பித்துவிட்டார். மூச்சுக்குத் தலை திருப்பும்போது மட்டும் எனக்குக் கேட்கும், அதற்குள் முகம் கீழே போய்விடும். "...மூணாவது மாடில ஒரு டாக்டரம்மா..." தண்ணீர். "...ராவெல்லாம் சொட்டுதுன்னு..." தண்ணீர். "...நான் குழாயத் திறந்தா உள்ள..." உள்ளே என்ன? அடுத்த மூச்சுக்கு அவசரமாகத் திரும்பினால் அவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த மூச்சில், "...சீப்பு!" என்றார். யார் சீப்பு, எப்படிப் போனது என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நீந்தத்தான் முடிந்தது. ஒரு வீடு முடிந்தால் அடுத்த வீடு. தலைக்குள் இருந்தவளும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. கை மணலில் தட்டியபோதுதான் தீவு வந்துவிட்டது என்று தெரிந்தது.

எழுந்து நின்றேன், கால் பின்னியது. அவர் படகிலிருந்து இறங்கினார். அவருக்கும் கால் பின்னியது. முழங்கால் அளவு தண்ணீரில் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நின்றோம். அவருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. மாஸ்டர் படகிலிருந்து கையைத் தட்டினார்.

நான் காத்திருந்தேன். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று. ஒரு சொட்டு வைக்க விட்டிருந்தால் பாட்டு நின்றிருக்காது. அதைச் சொல்ல அவரைவிட உரிமையுள்ள ஆள் உலகத்திலேயே கிடையாது. அவர் என் தோளில் துண்டைப் போர்த்தி, முடியிலிருந்து சொட்டிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னதுதாங்க சரி" என்றேன் நானே.

"எது?" என்றார்.