உள்தாழ்ப்பாள்

நடு அறையின் சுவரை உடைத்து ஜன்னல் வைத்த அன்று ஆதிலட்சுமி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து வெளியே பார்த்தாள். மலை தெரிந்தது. நாத்தனார் வேதாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஏழாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே போனதிலிருந்து அண்ணி அந்த இருட்டறையை விட்டுக் குளிக்க மட்டும்தான் வெளியே வந்துகொண்டிருந்தாள்.

ஜன்னல் வேதாவின் யோசனை. பகலில் துணிக்கடையில் பில் எழுதுபவள், சாயங்காலம் டைப்ரைட்டிங் நிலையத்தின் மாடியில் நடந்த வீட்டு உள்ளலங்கார வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். வெளிச்சம் வராத அறை அதில் இருப்பவரின் மனதையும் சோர வைக்கும் என்று சார் சொன்னபோது அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். அன்றிரவே டேப்பை எடுத்துக்கொண்டு அறையை அளந்தாள். சரியாக அளந்தோமா என்று சந்தேகம் வந்து மறுநாள் காலையில் மறுபடி அளந்தாள். வெயில் எங்கே விழும், கட்டிலை எங்கே போட்டால் முகத்தில் வெளிச்சம் படும் என்று வரைபடம் போட்டு, லாரி ஷெட்டில் மெக்கானிக்காக இருந்த அண்ணன் ராஜமாணிக்கத்திடம் நீட்டினாள்.

"இத வச்சா அவ சரியாயிடுவாளா?"

"தெரியலண்ணா. ஆவாங்கன்னு தோணுது."

அம்மா சந்திரம்மாள் அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "கார்த்திகை தீபம் வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள எழுந்து நடமாடலன்னா கீழ்பென்னாத்தூர்ல கொண்டுபோய் விட்டுடறேன். அவங்க அம்மா பாத்துக்கட்டும்."

பிறந்த வீட்டில் விட்டால் மறுபடி கூப்பிடப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அடி அண்ணாமலையில் ஒரு பெண் இருப்பதாக அம்மா இரண்டொரு தடவை பேச்சை எடுத்திருந்தாள். அண்ணன் மறுக்கவில்லை.

ஜன்னல் வைத்த பிறகு அண்ணி தேறுவாள் என்று வேதா காத்திருந்தாள். ஆனால் அண்ணி தலை வாருவதையும் விட்டாள். சாப்பாட்டுத் தட்டு தொடாமலே திரும்பி வந்தது. அளவில்தான் எங்கோ தப்பு என்று வேதா வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தப்பு கிடைக்கவில்லை.

சாருக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் வகுப்பு இல்லை. வேதா சீக்கிரமே வீட்டுக்கு வந்தாள். பக்கத்துச் சந்தில் முனிசிபாலிட்டி குழாயைச் சுற்றிக் குடங்கள் வரிசையாக நின்றன. அந்தச் சந்தில் சாயங்காலம்தான் தண்ணீர் வரும். சாயங்காலம் வேதா ஒரு நாளும் வீட்டில் இருந்ததில்லை. குழாய்க்கு நேர் எதிரே புது ஜன்னல். உள்ளே, அவள் பார்த்துப் பார்த்துப் போட்ட கட்டிலில், முகம் நிறைய வெளிச்சத்தோடு அண்ணி.

"இன்னா ஆதி, இன்னும் படுத்தே கீற?" என்றாள் எதிர்வீட்டு மணியம்மாள்.

"விடுக்கா. மகாராணிக்கு ஜன்னல்லாம் வச்சுக் குடுத்துகீறாங்க, எழுந்துக்க மனசு வருமா?" என்றாள் பாஞ்சாலை. வரிசை சிரித்தது.

மணியம்மாள் சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்து மஞ்சள் துணியில் கட்டிய சின்னத் தொட்டில் ஒன்றை எடுத்தாள். பிள்ளை வரம் கேட்டுக் கோயில் மரத்தில் கட்டுவது. "என் மருமவளுக்கு வாங்கினேன். உனக்குன்னு ஒண்ணு ஜாஸ்தியா வாங்கிட்டேன். அடுத்த தீபத்துக்கு உன் மடி நிறைஞ்சிருக்கும், பாரு." மனசார வாழ்த்திக்கொண்டே அதை ஜன்னல் கம்பியில் கட்டினாள்.

அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் சந்திலிருந்து தெரிந்தாள்.

குடங்கள் போனதும் அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு, வேர்க்கடலை மூட்டை போட்டிருந்த பின்கட்டு அறைக்குப் போய்விட்டாள்.

"வெளிச்சத்தக் குடுத்தா இருட்டுக்குப் போறா," என்றாள் அம்மா. "தீபம்லாம் வேணாம். நாளைக்கு மத்தியானம் பஸ்ஸுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

"தப்பு அண்ணி மேல இல்லம்மா. வரைபடத்துல நான் சுவரோட கோட்ட நிறுத்திட்டேன். குழாயப் போடல."

"குழாய எதுக்குடி போடணும்?" அம்மா அண்ணியின் புடவைகளைப் பையில் அடுக்க ஆரம்பித்தாள்.

வேதா பின்கட்டுக்குப் போய் மூட்டையோரம் உட்கார்ந்தாள். "ஜன்னல அடைச்சிடட்டுமா அண்ணி?"

"அது இருக்கட்டும். அதுக்குக் கதவுதான் இருக்கு, வேணும்னா மூடிக்கலாம். மலை தெரியுது."

"அப்ப இன்னா பண்ணணும்?"

"அறைக்கு உள்தாழ்ப்பாள் இல்ல, வேதா. இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து நான் தனியா அழுததே இல்ல. அழ ஆரம்பிச்சா யாராவது வந்துடறாங்க."

வேதா வரைபடத்தை நினைத்துப் பார்த்தாள். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூட அதில் வளைவாகக் கோடு போட்டிருந்தாள். அந்தக் கதவுக்கு வெளியே மட்டும்தான் சங்கிலி இருக்கிறது என்பதை அவள் பார்த்ததே இல்லை. அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை.

காலையில் கடை திறந்ததும் தாழ்ப்பாள் வாங்கி வந்தாள். அம்மா வழியை மறித்து நின்றாள். "உள்ள பூட்டிக்கினு ஏதாவது பண்ணிக்கிட்டான்னா யாருடி பதில் சொல்றது?"

அதே பயம் வேதாவுக்கும் இருந்தது. ராஜமாணிக்கம் ஷெட்டுக்குப் போகாமல் நின்றவன், திருப்புளியை எடுத்து வந்து கதவை ஆடாமல் பிடித்துக்கொண்டான். வேதா போட்ட முதல் ஸ்க்ரூ கோணலாக இறங்கியது. கழற்றி மறுபடி போட்டாள்.

ஆதிலட்சுமி பின்கட்டிலிருந்து வந்து நடு அறைக்குள் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. ஜன்னல் கதவு மூடும் சத்தம். அப்புறம் அழுகை. அந்த வீட்டில் யாரும் அதுவரை கேட்டிராத அழுகை, அடிவயிற்றிலிருந்து வந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை நீண்டு, தேய்ந்து, நின்றது. நின்றதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"தட்டுடி," என்றாள் அம்மா.

வேதா கையைத் தூக்கினாள். தட்டினால் தானும் குழாயடியில் நின்றவர்களில் ஒருத்தி. தட்டாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால்? கை அந்தரத்திலேயே நின்றது.

உள்ளே ஜன்னல் திறந்தது. கொஞ்ச நேரத்தில் தாழ்ப்பாளும். முகமெல்லாம் வீங்கியிருந்த அண்ணியின் கையில் அந்த மஞ்சள் தொட்டில்.

"இதக் கோயில்ல கட்டிடு, வேதா. மணியக்கா மருமவ பேர்லயே கட்டு." பிறகு தரையில் இருந்த பையைப் பார்த்தாள். "நான் ஊருக்குப் போகலைங்க அத்தை. போகணும்னு தோணினா நானே சொல்றேன்."

அம்மா மகனைப் பார்த்தாள். ராஜமாணிக்கம் பையை எடுத்துப் பரண்மேல் வைத்தான்.

ஆதிலட்சுமி மறுபடி உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

"எத்தினி நாளைக்கு இப்படி?" என்றாள் அம்மா.

வேதா தொட்டிலை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தாள். இனி தட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். காதை மட்டும் கதவிலிருந்து எடுக்க முடியவில்லை.